துளையிட்ட ரோமானியக் காசுகள்: இந்தியாவில் நாணயம் அணிகலனான வரலாறு

கருநாடக மாநிலம் ஆவேரி மாவட்டத்தில் உள்ள அக்கி ஆலூரில் நாற்பதுக்கு மேற்பட்ட பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. அதிலுள்ள காசுகளுள் காலத்தால் முந்தியவை செப்டிமியஸ் செவீரஸ் (கி.பி. 193-211) என்னும் ரோமானியப் பேரரசனுக்குரியவை, பிந்தியவை கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட முதலாம் ஜஸ்டின் (கி.பி. 518-527) காலத்தவை. முதற்காசுக்கும் இறுதிக் காசுக்கும் இடையே முந்நூறு ஆண்டுகள் உள்ளன. உண்மையான ரோமானியக் காசுகளோடு, அவற்றைப் பார்த்து இந்தியாவில் செய்யப்பட்ட போலிக் காசுகளும் கலந்திருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரு தொகுதியாக இணைப்பது அவற்றில் இடப்பட்டுள்ள துளைகளே. பெரும்பாலான காசுகளில் அரசனது தலைக்கு மேலே, விளிம்பை ஒட்டி, அருகருகே இரண்டு துளைகள் உள்ளன.

நாணயவியல் அட்டவணைகளில் இத்தகைய காசுகள் நெடுங்காலமாகப் 'பழுதுற்றவை' என்னும் தலைப்பின்கீழ் இடம்பெற்று வந்தன. அரசன் யார், எந்த அச்சுச்சாலை, எத்தனை கிராம் எடை என்பன விரிவாகக் குறிக்கப்பட்டன. துளை எத்தனை, எங்குள்ளது, எப்பக்கத்திலிருந்து குத்தப்பட்டது என்பன குறிக்கப்படவில்லை. காசு ரோமானியருடையது, துளையோ பெரும்பாலும் இந்தியருடையது. ஆகவே இந்திய வரலாற்றுக்கு எந்தப் பகுதி சான்றாகுமோ அந்தப் பகுதியே பதிவேட்டில் விடுபட்டுப் போயிற்று எனலாம். இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொன்னைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வணிகத்தின் அளவையே பேசிவந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காசை அணியாக்கும் வழக்கம் ரோமானியருக்குப் புதியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொம்போனியஸ் என்னும் சட்ட அறிஞரின் கருத்தொன்று, கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. மணிகளைப் போல அணியப்பெறும் பழைய பொன், வெள்ளிக் காசுகளின்மீது அனுபவ உரிமையை உயில்வழி அளிக்கலாம் என்பது அதன் சாரம். செலவழித்தால் தீர்ந்துவிடும் பணத்தின்மீது அனுபவ உரிமை அளிப்பதில் சட்டச் சிக்கல் உண்டு. அணியாக மாறிய பழங்காசு செலவாவதில்லை. எனவே அதற்கு அச்சிக்கல் இல்லை. காசு எப்போது பணமாக இருப்பதை விட்டு வேறொரு பொருளாகிறது என்ற வினாவுக்குச் சட்டம் தந்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் ரோமானியச் செல்வர் காசை அணிந்த முறை வேறு. கான்ஸ்டன்டைன் காலத்துப் பதக்கங்கள் சில இன்று வாசிங்டன், இலண்டன், பாரிசு முதலிய இடங்களில் உள்ள தொகுதிகளில் காக்கப்படுகின்றன. அவற்றின் நடுவே பெரிய பொற்காசு ஒன்று அமைய, அதனைச் சுற்றிப் பின்னல் வேலைப்பாடுடைய பொற்சட்டம் கவ்வியிருக்கும், காசில் துளையில்லை. 1797இல் இன்றைய ருமேனிய நாட்டு எல்லைக்குள் கிடைத்த சிலாகிசொம்லியோப் புதையலில் உள்ள பதக்கங்களும் இவ்வாறு சட்டமும் வளையமும் பொருத்தப்பெற்றவையே. பேரரசனே பரிசாக வழங்கிய காசில் அவன் உருவத்துக்கு ஊறு நேராமல் காப்பது அங்கு முதன்மையாயிருந்தது. துளையிட்ட காசுகளும் ரோமானிய உலகில் உண்டு. எனினும் தலைக்கு மேல் இரட்டைத் துளை என்பது ஒரு வழக்காகவே நிலைத்தது தக்காணத்துப் புதையல்களில்தான்.

பொன் வந்த வழி

ரோமானியக் காசு இந்தியாவுக்கு வந்த வரலாறு பலரும் எழுதியதாகலின் இங்குச் சுருக்கமாகக் கூறினால் போதும். எரித்திரேயக் கடற்செலவு என்னும் கிரேக்க நூல், பரிகசா (பரூச்) துறைமுகத்தில் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளை உள்ளூர்க் காசுக்கு மாற்றினால் ஊதியம் கிடைக்கும் என்கிறது. முசிறிக்குக் கொண்டுசெல்லும் பொருள்களுள் காசையே முதலிற் கூறுகிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குச் செல்வதாகப் பிளினி வருந்தியமை யாவரும் அறிந்தது. அகநானூற்றின் 149ஆம் பாடல் பொன்னோடு வந்து மிளகோடு செல்லும் யவனர் மரக்கலத்தைக் காட்டுகிறது.

பிளினி கூறும் மற்றொரு செய்தி இவ்வளவு பரவலாக எடுத்தாளப்படுவதில்லை. காற்றால் அலைப்புண்டு இலங்கையை அடைந்த ரோமானியன் ஒருவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை அந்நாட்டரசன் கண்டான். அவற்றில் வெவ்வேறு அரசர் உருவங்கள் இருந்தும் எடை மட்டும் ஒன்றாக இருந்தமை கண்டு அவன் ரோமானியரின் நேர்மையை மதித்தான் என்பது அச்செய்தி. கதை எவ்வளவு உண்மையாயினும், காசைப் பெற்றவர் இரண்டு கூறுகளைத் தனித்தனியே நோக்கினர் என்பதை அது உணர்த்துகிறது. ஒன்று எடை, மற்றொன்று முகம். இந்தியாவில் ரோமானியக் காசு அடைந்த மாற்றங்கள் அனைத்தும் இவ்விரண்டில் எது போற்றப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தன.

வெட்டும் துளையும்

1898இல் புதுக்கோட்டைச் சமத்தானத்தைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையுள்ள அரசர்களின் காசுகள் அவை. பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அக்காசுகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் அரசனது தலையின் குறுக்கே உளியால் ஆழமாக வெட்டப்பட்டுள்ளது. ஆந்திரத்தில் நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் (இன்று தெலங்கானா) கிடைத்த 1,531 வெள்ளிக் காசுகளுள்ளும் சிலவற்றில் இவ்வகை வெட்டு உண்டு.

இவ்வெட்டுக்குப் பல விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன. உள்ளே செம்பு இருக்கிறதா எனச் சோதித்தனர் என்பது ஒன்று. அயலரசனின் ஆணை இங்குச் செல்லாது எனக் காட்டினர் என்பது மற்றொன்று. காசு என்ற நிலையிலிருந்து நீக்கி வெறும் பொன்னாக்கினர் என்பது இன்னொன்று. சோதனைக்கு விளிம்பில் ஒரு சிறு கீறல் போதும்; தலையையே தேடி வெட்ட வேண்டுவதில்லை. எனவே முதல் விளக்கம் புதுக்கோட்டைக் காசுகளுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. வெட்டியவர் நோக்கம் எதுவாயினும், அவர் போற்றியது எடையையே, முகத்தையன்று என்பது தெளிவு. வெட்டப்பட்ட காசில் பொன் ஒரு குன்றிமணியளவும் குறைவதில்லை.

துளையிட்ட காசோ இதற்கு நேர்மாறானது. அதன் நுட்பத்தைச் சற்று நோக்க வேண்டும். காசின் விளிம்பருகே ஒரே துளையிட்டு நூல் கோத்தால் காசு சுழலும். பின்புறம் முன்னே வரும். இரண்டு துளைகளை அருகருகே இட்டு நூலை ஒன்றன்வழி நுழைத்து மற்றதன்வழி வெளிக்கொணர்ந்தால் காசு மார்பில் தட்டையாகப் படிந்து நிற்கும், திரும்பாது. அத்துளைகள் தலைக்கு நேர்மேலே அமைந்தால் உருவம் சாயாது. ஆகவே அக்கி ஆலூர்க் காசுகளில் துளையிட்ட பொற்கொல்லருக்குக் காசின் எப்பக்கம் முன்பக்கம், எத்திசை மேல்திசை என்பன தெரிந்திருந்தன. இலத்தீன் எழுத்தைப் படிக்க அவருக்கு வேண்டியதில்லை. முகமே திசை காட்டியது. முன்பக்கத்திலிருந்து குத்துளியால் குத்தினால் பொன் வெட்டுண்டு விழாமல் பின்புறம் பிசிராக ஒதுங்கும். அதனைத் தட்டி அமுக்கிவிட்டால் உடலில் உறுத்தாது. எடையும் பெரிதாகக் குறையாது. முகத்தைக் காத்துக்கொண்டே எடையையும் காக்கும் எளிய வழி இதுவாகும்.

வெட்டு மிகுந்த புதையல்கள் பெரும்பாலும் கி.பி. முதல் நூற்றாண்டுக் காசுகளைக் கொண்டவை. துளை மிகுந்தவையோ கி.பி. 2ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வந்த பொற்காசுகள். இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து ஆராய்ந்த பாவ்லா டர்னரின் நூல் (1989) இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. முதல் நூற்றாண்டில் காசு திரளாக வந்தது; அதனைப் பொன்னாக நிறுத்து வாங்கினர். கி.பி. 64இல் நீரோ பொற்காசின் எடையை ஏறத்தாழ 7.3 கிராம் அளவுக்குக் குறைத்தான். வெள்ளிக் காசில் கலப்பை மிகுவித்தான். பின்னர்க் காசின் வரவு தளர்ந்தது. வந்தவை சிலவாகவே, அவை அரும்பொருளாயின. அரிதானது மார்பில் ஏறிற்று என்று இதனை விளக்குவது பொருத்தமாகத் தோன்றுகிறது. கான்ஸ்டன்டைன் புகுத்திய சாலிடஸ் என்னும் பொற்காசு சுமார் 4.5 கிராம் எடையுடையது, மெல்லியது, துளையிடவும் எளியது.

போலிக் காசுகள் இவ்விளக்கத்துக்கு வலுவூட்டுகின்றன. ஜெர்மானிய நாணயவியலறிஞர் பீட்டர் பெர்காவுஸ் இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்தார். போலிகளில் எழுத்துகள் வெறுங்கோடுகளாகவும் வட்டங்களாகவும் சிதைந்துள்ளன; சிலவற்றின் முன்புறம் ஓர் அரசனுடையது, பின்புறம் மற்றோர் அரசனுடையது. இவற்றுட் பலவும் துளையிடப்பட்டவையே. ரோமானிய அரசனை ஏமாற்றவோ வணிகரை ஏமாற்றவோ இவை செய்யப்பட்டன எனின், எழுத்தில் இவ்வளவு அசட்டை காட்டியிருக்க மாட்டார்கள். வேண்டிய அளவு காசு கடல்வழி வராதபோது, மாலையின் எண்ணிக்கையை நிறைக்க உள்ளூர்ப் பொற்கொல்லரே அவற்றைச் செய்தனர் எனல் தகும். 'போலி' என்னும் சொல்கூட இவற்றுக்கு முழுவதும் பொருந்துவதன்று.

முந்நூறு ஆண்டு இடைவெளியுள்ள காசுகள் ஒரே புதையலில் இருப்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். புழக்கத்திலுள்ள பணத்தொகுதியில் இது நிகழ்வது அரிது. தாயிடமிருந்து மகளுக்கும், கருவூலத்திலிருந்து கருவூலத்துக்கும் கைமாறிய அணியில் இது இயல்பே. அணிந்தவர் அரச குடும்பத்தாரா, வணிகரா, அல்லது கோயிலின் தெய்வத் திருமேனியா என்பதைக் காசுகளைக் கொண்டு மட்டும் துணிய இயலாது.

சுடுமண் பதக்கங்கள்

பொன்னுக்கு வழியில்லாதவர்க்கும் இவ்வணி கிட்டியது. தெலங்கானாவில் உள்ள கொண்டாபூரில் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் யஸ்தானி நடத்திய அகழாய்வில் சுடுமண்ணாலான வட்டப் பதக்கங்கள் வெளிப்பட்டன. அவற்றில் டைபீரியஸின் காசைப் போன்ற தலையுருவம் உள்ளது. மேலே நூல் கோக்க வளையமோ துளையோ அமைந்துள்ளது. மராட்டியத்துத் தேர், மத்தியப் பிரதேசத்து உச்சயினி, ஒரிசாவின் சிசுபாலகட் முதலிய ஊர்களிலும் இவை கிடைத்துள்ளன. அச்சில் களிமண்ணை அழுத்திச் செய்து சுட்டெடுத்தவை இவை.

இப்பதக்கங்களை ஆய்வாளர் சிலர் வெறும் விளையாட்டுப் பொருள்களாகக் கருதிக் கடந்து சென்றனர். அது பொருந்தாது. இவற்றில் பொன் இல்லை. எனவே எடைக்கு மதிப்பில்லை. எஞ்சியிருப்பது முகம் மட்டுமே. ரோமானியப் பேரரசனின் பெயரை அறியாத ஒருவர் அவன் முகத்தைக் கழுத்தில் அணிந்தார் என்றால், அம்முகம் செல்வத்தின் அடையாளமாகவோ காப்பாகவோ மதிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெட்டுண்ட காசு எடையை மட்டும் போற்றியதன் எல்லை. சுடுமண் பதக்கம் முகத்தை மட்டும் போற்றியதன் எல்லை. துளையிட்ட பொற்காசு இரண்டுக்கும் நடுவே நிற்பது.

சொற்கள் தரும் சான்று

இந்திய மொழிகளில் காசுக்கும் அணிக்கும் இடையிலான எல்லை என்றும் உறுதியாக இருந்ததில்லை. 'நிஷ்கம்' என்னும் சொல் இருக்கு வேதத்தில் கழுத்தணியைக் குறிக்கிறது. உருத்திரன் பல வடிவுடைய நிஷ்கம் பூண்டவனாகப் பேசப்படுகிறான். பாணினி காலத்தில் அது விலை மதிப்பைக் குறிக்கும் அளவாகிவிட்டது. அணி பணமாயிற்று.

'தீனாரம்' எதிர்வழியில் சென்றது. இலத்தீனில் தினாரியஸ் என்பது வெள்ளிக் காசு. இந்தியாவில் இச்சொல் பொன்னுக்குப் பெயராயிற்று. நாகார்ச்சுனகொண்டாவின் இக்குவாகு மரபுக் கல்வெட்டொன்று, உருத்திரதரபட்டாரிகை என்னும் அரசி தூண் அமைக்க 170 தீனாரி மாசகங்கள் அளித்ததைக் கூறுகிறது. குப்தர் கல்வெட்டுகளில் தீனாரம் இயல்பான வழக்கு. இவற்றினும் இக்கட்டுரைப் பொருளுக்கு நெருங்கியது சமணரின் கல்பசூத்திரம் தரும் சான்று. மகாவீரரின் தாய் திரிசலை கண்ட கனவுகளுள் ஒன்றில் திருமகள் தோன்றுகிறாள். அவள் மார்பில் விளங்கும் அணிகளுள் தீனார மாலையும் ஒன்று. ஹெர்மன் யாக்கோபி 1884இல் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோதே இச்சொல்லின் அயல்மூலத்தைச் சுட்டினார். இப்பகுதி ரோமானியக் காசு பரவிய பின்னரே எழுந்திருத்தல் வேண்டும். திருமகளுக்கே அயல்நாட்டுக் காசுமாலை பூட்டும் அளவுக்கு அவ்வணி இயல்பாகிவிட்டது.

தமிழில் 'காசு' பற்றிய சான்று எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. குறுந்தொகை 67ஆம் பாடலில், கிளி தன் அலகில் பற்றிய வேப்பம்பழம், புதுநூல் கோப்பவன் நகநுனியில் பற்றிய பொற்காசுக்கு உவமிக்கப்படுகிறது. நற்றிணை 274ஆம் பாடலில் உதிரும் குமிழம்பழம் பெண்ணின் பொற்காசை ஒக்கிறது. இவ்விடங்களைக் கொண்டு சங்க காலத்திலேயே ரோமானியக் காசுமாலை இருந்தது என வாதிடுவோர் உளர். வேம்பின் பழமும் குமிழின் பழமும் உருண்டை வடிவின; தட்டையான நாணயத்துக்கு அவை உவமையாகா. இங்குக் காசு என்பது மேகலையிலோ வடத்திலோ கோக்கப்படும் பொன்மணியே. பின்னர்தான் அச்சொல் நாணயத்துக்கு உரியதாயிற்று. ஆனால் குறுந்தொகைப் பாடல் வேறொன்றை ஐயமின்றிக் காட்டுகிறது. பொன்னைத் துளையிட்டு நூலில் கோப்பதும், நூல் நைந்தபோது புதுநாண் மாற்றுவதும் அன்றாடத் தொழிலாயிருந்த நாட்டுக்குத்தான் ரோமானியக் காசு வந்து சேர்ந்தது.

பின்னை வழக்கு

கடல்வழி வந்த காசு மாறிய பின்னும் வழக்கம் மாறவில்லை. 1284 முதல் வெனிசு நகரம் வெளியிட்ட பொற்காசில், அந்நகரத் தலைவன் புனித மாற்கின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பற்றும் உருவம் உள்ளது. மராட்டியர் அதனைப் 'புதளி', அதாவது பாவை, என அழைத்து மாலையாகக் கோத்தனர். புதளி மாலை இன்றும் அங்கு மணமகளின் அணிகளுள் ஒன்று. இன்று கோக்கப்படும் புதளிகள் பொற்கொல்லர் செய்தவையே. திருவிதாங்கூரில் மக்கள் அக்கம்பைப் பனைமரமாகவும், பற்றியிருப்பவனைப் பனையேறுபவனாகவும் கண்டு 'சாணார் காசு' எனப் பெயரிட்டனர். உருவத்தை அவரவர் தம் நிலத்துக்கேற்பப் படித்தனர். டைபீரியஸின் தலையைக் கொண்டாபூர்க் குயவர் எவ்வாறு படித்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. படித்தார் என்பதற்குச் சுடுமண்ணே சான்று.

அணியாகிய காசுக்கு இரண்டு பகைவர் உண்டு. முதலாமவர் உருக்குலை. 1847இல் கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் பெருந்திரளாகக் கிடைத்த பொற்காசுகளுள் ஒரு பகுதியே ஆய்வாளர் கண்ணுக்கு எட்டியது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878இல் வந்த பின்னும், பொற்கொல்லர் உலைக்குச் சென்றவை மிகுதி.

இரண்டாமவர் சேர்ப்போர் சந்தை. துளையுள்ள காசுக்கு அங்கு விலை குறைவு. ஆகவே துளையைப் பொன்னால் அடைத்துப் பற்றவைத்து மெருகிடும் வழக்கம் தோன்றியது. அவ்வாறு அடைக்கப்பட்ட காசை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், தலைக்கு மேலே இரண்டிடங்களில் பொன்னின் நிறம் சற்று வேறுபட்டிருப்பதையும், அவ்விடத்து இலத்தீன் எழுத்துகள் இரண்டொன்று ஊசியால் புதிதாகக் கீறப்பட்டிருப்பதையும் காணலாம். அத்தகைய காசு அட்டவணையில் குறையற்ற ரோமானியக் காசாகவே பதிவாகிறது.